மரம் பூக்கும் வழி: வெப்பநிலத் தோட்டத்துக்கு அரிய பழமரங்களைத் தேர்தல்

ஒரு பழமரம் ஓரிடத்தில் தழைத்து வளர்வதற்குத் தேவையான சூழலும், அதே இடத்தில் அது பூத்துக் காய்ப்பதற்குத் தேவையான சூழலும் ஒன்றல்ல. தமிழகச் சமவெளியில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்போர் மங்குஸ்தான், ரம்புத்தான், லிச்சி, வெண்ணெய்ப்பழம் முதலிய அரிய மரங்களின் கன்றுகளை ஆர்வத்தோடு வாங்கி நட்டு, ஆண்டுக்கணக்கில் நீரூற்றி வளர்த்தும் இலையைத் தவிர வேறொன்றும் காணாமற் போவதற்குப் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைக் கருதாமையே காரணம். கன்று வாங்குகையில் எழும் முதற்கேள்வி பழத்தின் சுவையைப் பற்றியதாக இருப்பது இயல்புதான். ஆனால் அந்த மரம் பருவத்தின் எந்த மாற்றத்தை உணர்ந்து பூக்கிறது, அதன் பூவுக்குத் துணைமரம் வேண்டுமா, அதன் வேர் எத்தகைய மண்ணுக்குப் பழகியது என்னும் மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகே சுவையைப் பற்றிப் பேசுவதில் பொருள் உண்டு.

வெப்பநிலம் என்று பொதுவாகக் குறிப்பிடப்படுவது ஒரே தன்மையுடைய நிலம் அன்று. மலேசியா, இந்தோனேசியா போன்ற நிலநடுக்கோட்டுப் பகுதிகளில் ஆண்டு முழுவதும் மழையும் காற்றில் ஈரமும் உண்டு. மெக்சிகோவின் யுகட்டான் தீவக்குறையிலும் தமிழகச் சமவெளியிலும் மழைக்காலமும் நீண்ட வறட்காலமும் மாறி மாறி வருகின்றன. தென்சீனத்திலோ கோடை வெப்பமாக இருந்தாலும் குளிர்காலம் தெளிவாக வந்து போகிறது. உயரம் கூடக்கூட ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியசு குறைவதால், ஆண்டிஸ் மலைச்சரிவுகளில் வளரும் செரிமோயா என்னும் மலைச்சீத்தா, வரைபடத்தில் வெப்பமண்டலத்துக்குரியதாக இருந்தும், மதுரையின் வெயிலைக் காட்டிலும் கொடைக்கானலின் குளுமைக்கே நெருக்கமானது. ஆகவே ஒரு மரத்தின் தாயகம் எந்த நாடு என்று அறிவதைவிட, அந்நாட்டின் எந்த உயரத்தில், எத்தனை மாத வறட்சிக்கிடையே அது காடுகளில் வளர்ந்தது என்று அறிவது பயனுடையது.

பூப்பதற்கான தூண்டுதலை விளக்க லிச்சி தக்க சான்று. தென்சீனத்தைத் தாயகமாகக் கொண்ட இம்மரத்தின் கிளைநுனி மொட்டுகள், முற்றிய தளிர்களோடு ஓய்ந்திருக்கும் நிலையில் சில வாரங்கள் தொடர்ந்து குளிர்ச்சியை உணர்ந்தால் மட்டுமே பூங்கொத்துகளாக மாறுகின்றன. அந்தக் குளிர்ச்சி கிடைக்காவிடில் அதே மொட்டுகள் மீண்டும் இலைத்தளிர்களாகவே விரிகின்றன. சென்னையில் சனவரி இரவுகளின் சராசரிக் குறைந்த வெப்பநிலையே 20 பாகையை ஒட்டி இருப்பதால், அங்கு நடப்பட்ட லிச்சி பசுமையாகவும் நோயற்றும் இருந்தும் பூக்காமல் நிற்பது மரத்தின் குறையுமன்று, உரத்தின் குறையுமன்று. பீகாரின் முசாபர்பூரில் அது செழித்துக் காய்ப்பதும் தெற்கே வயநாடு, குடகு போன்ற மலைப்பகுதிகளில் காய்ப்பதும் இக்காரணத்தால்தான். மாவோ இவ்வகையில் நெகிழ்வுடையது; முற்றிய தளிர்கள் மிதமான குளிர்ச்சியையோ, அதனோடு சேர்ந்த வறட்சியையோ தூண்டுதலாக ஏற்றுக்கொள்வதால் அது தமிழகச் சமவெளி முழுவதும் பூக்கிறது.

மங்குஸ்தானின் நிலை வேறு. அதற்குக் குளிர் தேவையில்லை. பூப்பதற்கு இரண்டு மூன்று வார வறட்சி போதும். ஆனால் அந்தச் சிறு வறட்சி நீங்கலாக எஞ்சிய காலமெல்லாம் காற்றிலும் மண்ணிலும் ஈரம் நிலைத்திருக்க வேண்டும். அதன் வேர்களில் நீரை உறிஞ்சும் நுண்ணிய வேர்த்தூவிகள் இல்லை, பக்கவேர்களும் குறைவு, ஆகவே வெளிக்காற்று இலையிலிருந்து வாங்கும் நீரை ஈடுசெய்ய அந்த வேரால் விரைந்து இயங்க இயலாது. வேலூரிலும் திருச்சியிலும் வெப்பநிலை 40 பாகையைத் தாண்டும் மே மாதத்தில் அதன் இலை விளிம்புகள் கருகுவது மண்ணில் நீர் இருக்கும்போதே நிகழ்வதன் காரணம் இது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் சாலையில், இரு பருவமழைகளும் எட்டும் கல்லாறு, பர்லியாறு அரசுப் பழப்பண்ணைகளிலும், குற்றாலத்தின் மலையடிவாரத்திலும் மங்குஸ்தான் தலைமுறைகளாகக் காய்த்து வருகிறது. அங்கே காய்ப்பதைக் கண்டு தமிழகம் முழுவதும் காய்க்கும் என்று கொள்வது தவறு. மலையின் ஒரு மடிப்புக்குரிய ஈரம் அது.

எனில், நீண்ட வறட்காலமுடைய சமவெளிக்கு ஏற்ற அயல்மரங்கள் எவை? வறட்காலத்தோடு மண்ணையும் சேர்த்து நோக்கும்போது விடை தெளிவாகிறது. கோயம்புத்தூர், திருப்பூர், தூத்துக்குடி முதலிய பல பகுதிகளின் மண்ணில் சுண்ணாம்புச் சத்து மிகுந்துள்ளது. ஆழ்துளைக் கிணற்று நீரிலும் பைகார்பனேட் உப்புகள் கலந்துள்ளன. மண்ணின் அமில, காரத் தன்மையை அளக்கும் பி.எச். எண் ஏழுக்குக் கீழிருந்தால் அமிலம், மேலிருந்தால் காரம். அது ஏழரையைத் தாண்டும் சுண்ணாம்பு மண்ணில் இரும்பு ஏராளமாக இருந்தாலும் நீரில் கரையாத வடிவத்திலேயே தங்கிவிடுகிறது. பழமரங்களின் வேர் தன்னைச் சுற்றி அமிலத்தைக் கசியவிட்டு, இரும்பைக் கரையும் வடிவத்துக்கு மாற்றி உறிஞ்ச முயல்கிறது. பைகார்பனேட்டோ அந்த அமிலத்தை உடனுக்குடன் முறித்துவிடுகிறது. பச்சையம் உருவாக இரும்பு இன்றியமையாதது என்பதால், இளந்தளிரில் நரம்புகள் மட்டும் பச்சையாகவும் இடைப்பகுதி வெளிறிய மஞ்சளாகவும் தோன்றும் பச்சையச் சோகை உண்டாகிறது. இரும்புச் சத்தை இலைவழித் தெளிப்பாகக் கொடுத்தால் இலைகள் சில காலம் பச்சையாகும். அடுத்த தளிர் மீண்டும் மஞ்சளாகவே வரும், ஏனெனில் மண் மாறவில்லை.

யுகட்டான் தீவக்குறை முழுவதும் சுண்ணாம்புப் பாறையின்மீது அமைந்த நிலம். ஆண்டில் பல மாதங்கள் அங்கே மழை இல்லை. அந்நிலமும் அதை அடுத்த குவாத்தமாலா, பெலீசுக் காடுகளுமே சப்போட்டாவின் தாயகம். அங்கே அதன் மரப்பாலைக் கீறி எடுத்துத்தான் மெல்லும் கோந்து செய்யப்பட்டது. இந்தியாவுக்கு வந்த சப்போட்டா தமிழகச் சமவெளியில் தன் ஊர் போலவே நிலைத்துவிட்டதற்கு இந்த ஒற்றுமையே அடிப்படை. இன்று எவரும் அதை அயல்மரமாகக் கருதுவதில்லை. அதே குடும்பத்தையும் அதே நிலப்பரப்பையும் சேர்ந்த முட்டைப்பழ மரத்துக்கு இங்கே இன்னும் அந்த இடம் கிடைக்கவில்லை. இலங்கையில் லாவுலு என்று அறியப்படும் இதன் சதை, வேகவைத்த முட்டையின் மஞ்சட்கரு போல் மாவாகவும் ஆழ்ந்த மஞ்சள் நிறமாகவும் இருப்பதால் சாறுள்ள பழத்தை எதிர்பார்ப்போருக்கு முதலில் ஏமாற்றம் தரலாம். பாலோடு அடித்துக் குடிக்கும்போது அதன் அருமை புலப்படும். வறட்சி தாங்குவது, சுண்ணாம்பு மண்ணில் வளர்வது, துணைமரமின்றிக் காய்ப்பது, விதையிலிருந்து வளர்த்தாலும் சில ஆண்டுகளிலேயே பலன் தருவது ஆகிய நான்கும் ஒன்றுசேர்ந்த அயல்மரம் வேறொன்றைக் காண்பது கடினம் என்பதால், சமவெளித் தோட்டத்துக்கு அயல்மரங்களில் முதலில் பரிந்துரைக்கத்தக்கது இதுவே. கரீபியத் தீவுகளில் பரவலாக வளரும் பார்படோஸ் செர்ரியும் இவ்வகையில் நம்பத்தக்கது. நூறு கிராம் பழத்தில் ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி கொண்ட இது, மரம் என்பதைவிடப் பெரும்புதர் என்பதால் சிறிய மனைகளுக்கும் பொருந்தும்.

இதற்கு நேர்மாறானவை அமில மண்ணை நாடும் மரங்கள். தண்டின்மீதே கருநிறப் பழங்கள் ஒட்டிக் காய்க்கும் பிரேசிலின் ஜபோதிகாபாவும், மேற்கு ஆப்பிரிக்காவின் அற்புதப்பழமும் இவ்வகையின. அற்புதப்பழத்தின் சதையில் உள்ள மிராகுலின் என்னும் புரதம் 1968-இல் பிரித்தறியப்பட்டது. தன்னளவில் இனிப்பற்ற அப்புரதம் நாவின் இனிப்பு உணர்விகளில் ஒட்டிக்கொண்டு, வாயில் புளிப்பு சேரும்போது மட்டும் அவற்றைத் தூண்டுவதால், பழத்தைச் சுவைத்தபின் எலுமிச்சையும் சிறிது நேரம் இனிக்கிறது. பி.எச். எண் ஐந்தை ஒட்டிய மண்ணில் வளரும் இச்செடியைக் கோவையின் சுண்ணாம்பு மண்ணில் நடுவது அதைச் சிறுகச் சிறுகப் பட்டினியிடுவதற்குச் சமம். பெரிய தொட்டியில் இலைமக்கும் தென்னைநார்க் கழிவும் நிரப்பி, சேமித்த மழைநீரை ஊற்றி வளர்த்தால் அது நன்கு பலன் தரும். மழைநீரைச் சேமிக்க வழியில்லாத வீட்டில் அதை வளர்க்காதிருப்பதே நேர்மை.

மண்ணும் பருவமும் ஒத்துவந்த பின்னரும் காய்ப்பைத் தடுப்பது பூவின் அமைப்பு. கன்று விற்போர் இதைக் குறிப்பிடுவது அரிது. வெண்ணெய்ப்பழ மரத்தின் ஒவ்வொரு பூவிலும் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் இருந்தாலும் அவை ஒரே வேளையில் இயங்குவதில்லை. ஏ வகை மரங்களில் பூ முதல்நாள் காலையில் பெண்ணாக விரிந்து நண்பகலில் மூடி, மறுநாள் பிற்பகலில் ஆணாக மீண்டும் விரிந்து மகரந்தத்தை வெளியிடுகிறது. பி வகையில் முதல்நாள் பிற்பகலில் பெண்ணாகவும் மறுநாள் காலையில் ஆணாகவும் விரிகிறது. ஆகவே காலையில் ஏ வகையின் பெண்பூவுக்குத் தேவையான மகரந்தம் பி வகையிடமும், பிற்பகலில் பி வகைக்குத் தேவையானது ஏ வகையிடமும் உள்ளது. தனிமரமும் ஓரளவு காய்க்கக்கூடும் என்றாலும், இரு வகைகளும் அருகருகே நிற்கும் இடத்தில் காய்ப்பு உறுதிப்படுகிறது. உலகச் சந்தையில் பெயர்பெற்ற ஹாஸ், ஏ வகை. ஃபுவர்தே, பி வகை. இம்மரத்தில் மெக்சிகோ, குவாத்தமாலா, மேற்கிந்தியத் தீவுகள் என மூன்று இனங்கள் உண்டு; முதல் இரண்டும் மலைநாட்டுக்குரியவை. கலிபோர்னியாவில் தோன்றிய ஹாஸ் அந்த இரு மலைநாட்டு இனங்களின் வழியினது என்பதால் அதைச் சமவெளியில் நட்டு நம்பியிருக்க இயலாது. வெப்பத்தையும் ஓரளவு உப்புநீரையும் தாங்கும் மேற்கிந்திய இனத்தையே அங்கே நாட வேண்டும். கீழ்ப்பழனி மலையின் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் தெரிந்தெடுத்த டி.கே.டி. 1 போன்ற வகைகள் அந்த மலைப்பகுதிக்கு உரியவை. எங்கு நட்டாலும் வேரடியில் நீர் தேங்கலாகாது. நீர்தேங்கிய மண்ணில் பெருகும் ஃபைட்டோஃப்தோரா என்னும் நுண்ணுயிரி வேரை அழுகச் செய்து மரத்தைக் கொல்கிறது. தமிழகத்தின் ஆண்டு மழையில் பாதியை ஒட்டிய அளவு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ப்பதால், மேடாக்கிய பாத்தி இம்மரத்துக்குக் கட்டாயத் தேவை.

சீத்தா இனத்திலும் இத்தகைய கால இடைவெளி உண்டு. பூ முதலில் பெண்ணாக இருந்து, சூல்முடி காய்ந்த பிறகே மகரந்தத்தை உதிர்க்கிறது. தடித்த இதழ்களுக்கிடையே நுழைந்து வெளியேறும் சிறு வண்டுகளே மகரந்தத்தைக் கடத்துகின்றன. தேனீக்கள் இங்கே பயன்படுவதில்லை. சீத்தாப்பழம் என்பது பல சூலகங்கள் ஒன்றிணைந்த திரள்கனி. கருவுறாத சூலகம் பருக்காமல் நின்றுவிடுவதால், சேர்க்கை அரைகுறையாக நிகழ்ந்த பழம் ஒருபுறம் கோணிப் போகிறது. கோணிய பழத்தைக் கண்டவர்கள் பூச்சி மருந்தை நாடுவது வருந்தத்தக்கது, ஏனெனில் அம்மருந்து எஞ்சிய வண்டுகளையும் அழிக்கிறது. மகரந்தம் உதிரும் பூக்களை மாலையில் பறித்து வைத்து, மறுநாள் காலை பாதி விரிந்த இளம்பூக்களின் சூல்முடியில் மென்தூரிகையால் தடவினால் காய்ப்பு வெகுவாகக் கூடுகிறது. வண்டுகளை ஈர்க்க வேரடியில் சருகு மூடாக்கும் அழுகும் பழங்களும் விடப்படுவதுண்டு. மலைச்சீத்தாவையும் சமவெளிச் சீத்தாவையும் 1908-இல் ஃபுளோரிடாவில் வெஸ்டர் என்பவர் கலந்து உருவாக்கிய அட்டிமோயாவும், அதன் வழியில் பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்க்கா சகனும் குறைந்த விதையும் மிகுந்த சதையும் கொண்டவை. ஆனால் அவற்றிலும் கைவழிச் சேர்க்கை செய்யும் பொறுமை உடையோருக்கே முழுப்பலன் கிட்டும்.

ரம்புத்தானில் சிக்கல் இன்னும் கடுமையானது. விதையிலிருந்து முளைக்கும் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி, வாழ்நாள் முழுவதும் காய்க்காத ஆண்மரங்களாக அமையக்கூடும். அது பூக்கும் வரை கண்டறிய வழியில்லை. ஆகவே கேரளத்தின் கோட்டயம், பத்தனம்திட்டா மாவட்டங்களில் ஒட்டுக்கன்றுகளையே நடுகின்றனர். நட்சத்திரப் பழத்தில் நீண்ட சூல்தண்டுடைய பூக்கள் ஒரு மரத்திலும் குறுகிய சூல்தண்டுடையவை மற்றொரு மரத்திலும் அமைவதால், பல வகைகளுக்கு எதிர்வகைத் துணைமரம் வேண்டும்.

விதையா, ஒட்டுக்கன்றா என்னும் கேள்விக்கு ஒரே விடை இல்லை. பெரும்பாலான மரங்களின் விதைக்கன்று தாயின் குணத்தைக் கொண்டிருப்பதில்லை. மங்குஸ்தான் இதற்கு விலக்கு. அதன் விதையில் உள்ள கரு, மகரந்தச் சேர்க்கையின்றித் தாய்த்திசுவிலிருந்தே உருவாவதால், ஒவ்வொரு கன்றும் தாய்மரத்தின் நகலாகவே வளர்கிறது. ஆயின் அது முதன்முறை காய்க்க எட்டு முதல் பத்தாண்டுகள் ஆகும். மேலும், ஈரக்காட்டு மரங்கள் பலவற்றின் விதைகள் நெல்லைப் போல் உலர்த்திச் சேமிக்கத் தக்கவை அல்ல, உலர்ந்தால் உயிரிழக்கும். இவற்றை உலர்தாங்கா விதைகள் என 1973-இல் ராபர்ட்ஸ் என்னும் அறிவியலாளர் தனிவகையாகப் பிரித்தார். பழம் தின்ற ஓரிரு நாட்களுக்குள் விதைத்துவிடுவதே இவற்றுக்குரிய முறை. உறையிலிட்டு விற்கப்படும் உலர்ந்த ரம்புத்தான், மங்குஸ்தான் விதைகளை வாங்குவது பணத்தை வீணாக்குவதாகும்.

அரிய பழங்களைப் பற்றி மருத்துவப் புகழுரைகள் பெருகியுள்ள இக்காலத்தில் சில எச்சரிக்கைகளைத் தவிர்க்க இயலாது. நட்சத்திரப் பழத்தில் ஆக்சலேட்டோடு கேராம்பாக்சின் என்னும் நரம்பு நச்சும் இருப்பதைப் பிரேசில் ஆய்வாளர்கள் 2013-இல் உறுதிசெய்தனர்; நலமான சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும், சிறுநீரகம் பழுதுற்றோருக்கோ ஒரு பழமே உயிருக்கு இடராகலாம். அதன் உறவான பிலிம்பியின் சாற்றைக் கொழுப்பைக் குறைக்கும் என நம்பிக் குடித்தவர்கள் சிறுநீரகச் செயலிழப்புக்கு உள்ளானமை கேரளத்தில் பதிவாகியுள்ளது. முள் சீத்தாவைப் புற்றுநோய்க்கு மருந்தென விற்பதற்கு மனிதரிடம் நிறுவப்பட்ட சான்று இல்லை. மாறாக, அதில் உள்ள அன்னோனாசின் என்னும் பொருள் நரம்பணுக்களைத் தாக்குவது ஆய்வகங்களில் அறியப்பட்டுள்ளது. குவாதலூப் தீவில் அப்பழத்தையும் இலைக் கசாயத்தையும் மிகுதியாக உட்கொண்டோரிடம் பார்க்கின்சன் நோயை ஒத்த நடுக்குவாதம் மிகுந்திருப்பதை 1999-இல் வெளிவந்த ஆய்வு சுட்டியது. பழத்தை இடையிடையே உண்பது வேறு, இலையை நாள்தோறும் காய்ச்சிக் குடிப்பது வேறு.

வெளிநாட்டுப் பயணத்தில் உண்ட பழத்தின் விதையையோ கன்றையோ பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருவதும் ஆபத்தானது. 2003-ஆம் ஆண்டின் தாவரத் தடைக்காப்பு ஆணை இறக்குமதி அனுமதியும் நோயின்மைச் சான்றும் கோருவது வெறும் அலுவலக நடைமுறை அன்று. மெக்சிகோவையும் நடு அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டு, பப்பாளியோடு மல்பெரி, மரவள்ளி ஆகியவற்றையும் சூறையாடியது. அதன் இயற்கைப் பகைவனான ஒட்டுண்ணிக் குளவியை 2010-இல் வரவழைத்து விட்ட பிறகே அது அடங்கியது. மரமே கேடாகவும் கூடும். தமிழகத்துக்கு இனிய நாவல் ஹவாய்த் தீவுகளில் காட்டை ஆக்கிரமிக்கும் களைமரம். பலா ரியோ டி ஜெனிரோவின் திஜூக்கா காட்டில் அவ்வாறே பெருகியுள்ளது. காட்டோரத்தில் தோட்டம் வைத்திருப்போர், பறவைகள் விழுங்கிப் பரப்பும் சிறுவிதைப் பழமரங்களைப் புதிதாகக் கொண்டுவராதிருப்பதே நன்று.

இத்தனை நிபந்தனைகளையும் முயற்சியின்றியே நிறைவுசெய்யும் மரங்கள் தமிழகத்திலேயே உள்ளன. அவை அரியவையானது காலத்தின் புறக்கணிப்பால். இலந்தை கோடையில் இலையுதிர்த்து வறட்சியைக் கடக்கிறது. அவ்வேளையில் கிளைகளை வெட்டிவிட்டால் புதுத்தளிரில் பூத்துக் குளிர்காலத்தில் காய்க்கிறது. களா வேலியாகவே நின்று ஊறுகாய்க்குக் காய் தருகிறது. விநாயகர் சதுர்த்தியன்று மட்டும் கடைத்தெருவில் தோன்றி மறையும் விளா, நீரூற்றாத நிலத்திலும் தொலைவிலிருந்தே மணக்கும் பழம் தரவல்லது. ஆனால் தோட்டத்தில் முதலிடம் பெற வேண்டியது பாலை. கோடியக்கரையின் உலர் பசுமைமாறாக் காட்டிலும் புதுக்கோட்டைப் பகுதியின் கோயில் காடுகளிலும் இலங்கையின் வன்னிக் காடுகளிலும் வளரும் இம்மரத்தின் சிறு மஞ்சள் பழங்கள் சப்போட்டாவினும் செறிந்த இனிமை உடையவை. வன்னியில் அவற்றை மக்களும் கரடிகளும் ஒரே பருவத்தில் தேடிச் செல்கின்றனர்.

தோட்டக்கலை இம்மரத்தை நன்கறியும், ஆனால் வேராக மட்டுமே. சப்போட்டாவின் நெருங்கிய உறவான இதன் கன்றின்மீதே இந்தியாவில் சப்போட்டாவை ஒட்டுக்கட்டுகின்றனர். வறட்சியையும் உவர்நிலத்தையும் தாங்கும் அதன் வேரின்மேல் சப்போட்டா வலுவாக நிற்கிறது. ஒட்டுப் பிடித்தபின் பாலையின் தலையை வெட்டி எறிந்துவிடுகின்றனர். பெரும்பழமும் மிகு இனிப்பும் உடைய பாலை மரங்களைக் காடுகளில் அடையாளம் கண்டு, அவற்றின் குச்சிகளைப் பாலைக் கன்றுகளிலேயே ஒட்டுக்கட்டினால், விதைமரம் காய்க்கக் காத்திருக்கும் நீண்ட ஆண்டுகளும் குறையும், வீட்டுத் தோட்டத்துக்கு நம்பத்தக்க கன்றும் கிடைக்கும். அதற்குத் தேவையான ஒட்டுக்கட்டும் திறன் தமிழகத்தின் ஒவ்வொரு சப்போட்டா நாற்றுப்பண்ணையிலும் ஏற்கெனவே இருக்கிறது.